பச்சைக் குரல்

காதுப்பெட்டி எனக்குத் தொடர்ந்து இருபத்தோராவது வருடமாகப் பச்சை போட்ட அதே வாரத்தில்தான் இஸ்மாயில் என் வீட்டுக்கு வந்தார். காலை பதினொன்றரை மணி. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

காதுப்பெட்டி என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் மூன்று வரி நீளம். அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்கு நோயே போய்விடும். அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசினால் போதும். என்ன பேசினாலும் சரி. குரலின் ஏற்ற இறக்கம், மூச்சு, வார்த்தைகளுக்கு நடுவே விடுகிற இடைவெளி எல்லாவற்றையும் அளந்து ஒரு நிறத்தைச் சொல்லும். சிவப்பு என்றால் மனநல டாக்டர் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் காத்திருக்கலாம், ஆனால் இன்றைக்குள் பார்த்தாக வேண்டும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். என்னைப்போலத் தனியாக இருப்பவர்கள், எந்த வயதானாலும், வருடத்துக்கு ஒருமுறை அதன் முன்னால் போய் உட்கார வேண்டும் என்பது விதி.

இஸ்மாயில் அந்தப் பெட்டியைச் செய்தவர்களில் ஒருவர். முதன்முதலில் நான் பார்த்தபோது இருபத்தெட்டு வயது ஒல்லிப் பையன். 'தம்பி' என்று கூப்பிடுவேன். இப்போது தாடி வெளுத்து, சென்னையில் பெரிய நாற்காலியில் இருக்கிறார். நான் நீட்டிய டீயைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் இருந்தேன் சிஸ்டர். வேற வழி தெரியல."

"வெண்டைக்கா நறுக்குதத விடப் பெரிய ஜோலி எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்லுங்க."

"ரெண்டு மாசத்துல மூணு பேர். மூணு பேருக்கும் நம்ம பெட்டி பச்சை போட்டிருக்கு. பச்சை போட்ட அதே வாரத்துல மூணு பேரும் உயிர விடப் பாத்திருக்காங்க. ரெண்டு பேரு இப்ப இல்ல சிஸ்டர்."

"மூணாவது ஆளு?"

"இருக்கா. நம்ம ஆஸ்பத்திரியிலதான். பேரு யாழிசை. முப்பத்திமூணு வயசு, நாலு வயசுல ஒரு பொம்பளப்பிள்ள. பத்து நாளா வார்டுல வச்சிருக்கு. தெனமும் காலைல பெட்டி முன்னால உக்கார வைக்காங்க. முந்தாநாள் பச்சை, நேத்து பச்சை, இன்னைக்கும் பச்சை. தொடர்ந்து மூணு பச்சை விழுந்தா வீட்டுக்கு அனுப்பிரணும்னு விதி. சாயந்தரம் நாலு மணிக்கு டிஸ்சார்ஜ்."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"டாக்டர் பெட்டியப் பாக்காரு."

இஸ்மாயில் டீயைக் கீழே வைத்தார்.

"மூணு பேரும் யாருன்னு நீங்க கேக்கலியே சிஸ்டர். மூணு பேருமே ஸ்டாஃப் நர்ஸ்."

கத்தி பாதி வெண்டைக்காயில் நின்றது.

பெட்டி போட்ட நிறத்தை மனிதர் யாரும் மாற்றி எழுதக் கூடாது என்பதுதான் சட்டம். டாக்டர்கள் சிபாரிசுக்கு மசிகிறார்கள், நர்ஸ்கள் அழுதால் இளகுகிறார்கள் என்று சொல்லி அப்படி வைத்தார்கள். ஒரே ஒரு சந்து மட்டும் விட்டிருந்தார்கள். பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த நர்ஸ்களை 'மூலச் செவிலியர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். மூலத்தில் தவறு இருந்தது என்று அந்தச் செவிலியரே எழுதிக் கொடுத்தால் பெட்டி அந்த நிமிடமே நிற்கும். மூலச் செவிலியர் இரண்டே பேர். ஒன்று, ஹெப்சிபா என்கிற நான். இன்னொருத்தி கனகாம்புஜம். அவள் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது.

"எங்க தப்புன்னு எனக்குத் தெரியல சிஸ்டர். எல்லாத்தையும் நோண்டிப் பாத்துட்டேன். ஒரு தடவ வந்து நீங்க கேட்டுப் பாருங்க. நாலு மணிக்குள்ள" என்றார் இஸ்மாயில்.

வெண்டைக்காயை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் உயிர் நாலு மணிக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது. என் மனமோ பழைய ஒன்பதாம் நம்பர் அறைக்குப் போகிறோம் என்று குதித்துக்கொண்டிருந்தது. என்ன செய்வது, என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான்.

எக்ஸ்ரே பிலிம் போட்டுவைத்திருந்த பழைய ஸ்டோர் ரூம் அது. எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் புளித்த மருந்து வாடை போகாது. ஒரு மேஜை, மூன்று ஸ்டூல், சிவப்பு, மஞ்சள், பச்சையில் மூன்று கட்டுச் சீட்டு. ட்ரையேஜ் என்று கதவில் எழுதியிருக்கும். யார் முதலில், யார் காத்திருக்கலாம், யார் வீட்டுக்குப் போகலாம் என்று பிரிக்கிற வேலை. ஜனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் 'கலர் ரூம்' என்றார்கள். மனநல டாக்டர் பத்து மணிக்கு வருவார். அதற்குள் அறுபது, எழுபது பேரை நானும் கனகாம்புஜமும் பிரித்து உட்கார வைத்திருப்போம். அவர் வந்ததும் எங்களைப் பார்த்து, "சிவப்பு எத்தன?" என்பார். அவ்வளவுதான் கேட்பார். நாங்கள் பிரித்ததை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. அந்தப் பெருமை எங்களுக்கு நிறைய உண்டு, மறைக்க என்ன இருக்கிறது.

கனகாம்புஜம் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எக்கா என்பேன். அவள் கேள்வி கேட்கிற விதமே தனி. தூக்கம் வருதா, பசி இருக்கா என்றெல்லாம் பாரத்தில் அச்சடித்த கேள்விகள் இருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"பஸ்ஸுல எந்தப் பக்கம் உக்காந்து வந்திய? வெயில் பக்கமா, நெழல் பக்கமா?" என்பாள்.

"வெயில் பக்கம்தான் சிஸ்டர். மூஞ்செல்லாம் காந்துது" என்று ஒருத்தர் சலித்துக்கொண்டால் அவள் கை பச்சைக்கட்டுப் பக்கம் நகரும். "தெரியலியே" என்று ஒருத்தர் சொன்னால் பேனாவை மூடிவிட்டு ஸ்டூலை முன்னால் இழுத்துப் போடுவாள். வெயில் உறைக்காத ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அவள் சட்டம்.

அறைக்கு வெளியே ஒரு நாவல் மரம் நின்றது. பழக் காலத்தில் காத்திருக்கிற கூட்டம் பூராவும் பொறுக்கித் தின்னும். உள்ளே வருகிறவர்களை நாக்கை நீட்டச் சொல்வாள். "நாக்கு ஊதாவா இருந்தா பாதி பச்சைடி. கீழ கெடக்கத எடுத்துத் தின்ன ஆசை இருக்குல்லா" என்பாள். பயிற்சிக்கு வந்த மாணவிகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் எழுதினார்களா என்று தெரியாது.

எனக்கு அவளைப்போல வாய்ச்சாலகம் இல்லை. நான் கூட வந்தவர்களைப் பார்ப்பேன். நோயாளி பேசும்போது அம்மாக்காரி சிரித்தபடி தலையை ஆட்டினால் ஒரு மாதிரி, மகன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாதிரி. எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் வரும். மஞ்சள் என்பேன், சிவப்பு என்பாள். கடைசியில் யார் பயப்படுகிறாளோ அவள் சொன்ன நிறம்தான். அது எங்களுக்குள் எழுதாத விதி. பயந்தவள் பக்கம் போவது.

அந்த அறைக்குத்தான் இஸ்மாயில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வருடம் மூலையில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேச்சு பதிவாகும். நாங்கள் என்ன நிறம் கொடுத்தோம் என்பதைப் பெட்டியில் அழுத்த வேண்டும். இப்படிப் பதினோராயிரம் பேர். மத்தியானம் கனகாம்புஜத்தின் புளிச்சாதத்தில் பாதி இஸ்மாயிலுக்குத்தான். சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்.

"ஏ தம்பி, ஒம்ம பெட்டிக்கு என்னைக்கு விவரம் வந்து, ஒமக்கு என்னைக்குக் கல்யாணம் ஆவ?" என்று அவள் எழுப்புவாள்.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் பெட்டிக்கு நல்ல குரல் ஒன்றைக் கேட்கக் கொடுக்க வேண்டும். இதுதான் ஆரோக்கியம், இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார் என்று அதற்குக் காட்டுகிற அளவுக் குரல். கனகாம்புஜம் பேசினால் பாதியிலேயே சிரித்துவிடுவாள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அறை வேலை முடிந்ததும் நாங்கள் பார்க்கிற வார்டின் ஹேண்டோவரையே சொல்லிவிடுவேன். பெட் ஒன்று, காய்ச்சல் இல்லை. பெட் இரண்டு, ஊசி போட்டாயிற்று. பெட் மூன்று, அண்ணன் வந்து பார்த்தார்.

ஹேண்டோவர் என்பது நர்ஸ் ஜாதிக்கு ஜெபம் மாதிரி. டியூட்டி முடிந்து போகுமுன் அடுத்து வருகிறவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஆள், மருந்து, சாவி, கத்தரிக்கோல்வரை. எதுவும் விட்டுப்போகாமல், குரல் உயராமல், வரிசையாகச் சொல்லி ஒப்படைப்பவள்தான் நல்ல நர்ஸ். அடுத்தவள் வந்து கையெழுத்துப் போடும்வரை நீங்கள் நகரக் கூடாது.

இந்தக் கதையை நான் எல்லோரிடமும் இதுவரைதான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நம்பர் அறை இப்போது குளிர்சாதனம் போட்ட கூண்டு. நாவல் மரம் இல்லை. வாசல் சுவரில் எங்கள் இருவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கனகாம்புஜம் சிரிக்கிறாள், நான் விறைப்பாக நிற்கிறேன். கீழே 'இவர்கள் காது, இன்று எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாகவே நின்றேன்.

இஸ்மாயில் பக்கத்து அறையில் உட்கார வைத்து அன்று காலை யாழிசை பேசியதை ஓடவிட்டார். மணி ஒன்றே கால்.

"வணக்கம். நான் நல்லா இருக்கேன். ராத்திரி ஆறு மணி நேரம் தூங்குனேன். காலைல இட்லி மூணு. மாத்திரை எட்டு மணிக்கு. வீட்டுச் சாவி அம்மாகிட்ட குடுத்தாச்சு. பாப்பாவோட தடுப்பூசி அட்டை பீரோவுல ரெண்டாவது தட்டு. பாப்பாவுக்கு வேர்க்கடலை ஆகாது, பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்தாச்சு. யூனிஃபார்ம் அடுத்த வருஷத்துக்கும் சேத்துத் தச்சாச்சு. என் வார்டுல நான் பாத்துட்டிருந்த ரெண்டு பேரப் பத்தி சுகந்திகிட்ட சொல்லியாச்சு. வேற ஒண்ணும் பாக்கி இல்ல. நன்றி."

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல பிள்ளை என்று தோன்றியது. எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாள், இந்தக் காலத்தில் யார் இப்படி ஒப்படைக்கிறார்கள் என்று தோன்றியது. நான் தலையைக்கூட ஆட்டினேன்.

"பெட்டியும் அதத்தான் சொல்லுது சிஸ்டர்" என்றார் இஸ்மாயில். "நூத்துக்குத் தொண்ணூத்தாறு. இவ்வளவு தெளிவான பச்சை மாசத்துக்கு நாலு விழுந்தாலே பெருசு."

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். இரண்டாவது தடவை வார்த்தையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். அந்த நிதானம் எனக்குப் பழக்கமானது. ஒப்படைக்கிறவள் எங்கேயோ கிளம்புகிறவள் என்பது எனக்கு ஏன் முதல் தடவையே உறைக்கவில்லை? வேறு யார் இப்படிப் பேசியிருந்தாலும் பிடித்திருப்பேன். ஒரு கடைக்காரர் இப்படி எல்லாவற்றையும் தீர்த்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கனகாம்புஜம் என்னைக் கேட்காமலே சிவப்பைக் கிழித்திருப்பாள். பேசியவள் நர்ஸ். நர்ஸ் அப்படித்தான் பேச வேண்டும் என்று என் காது பழகியிருக்கிறது. என் காதுதான் பெட்டிக்கும்.

"இஸ்மாயில், அளவுக் குரல்னு நான் பேசுனேன்லா. அதுல எந்த நாள எடுத்து வச்சிய?"

"மூணு வருஷமும் இருக்கு. ஆனா முக்காவாசி ஆகாது. இருமல் இருக்கும், கனகாம்புஜம் சிஸ்டர் நடுவுல கிண்டல் பண்ணுவாங்க, நீங்க சிரிச்சிருவீங்க. கடைசி வருஷம் நவம்பர்ல ஒரு இருவத்திரெண்டு நாள் மட்டும் அவ்ளோ சுத்தம். ஒரு பிசிறு இல்ல. அதத்தான் அளவா வச்சேன்." பழைய ஞாபகத்தில் அவர் முகம் மலர்ந்தது. "இன்னைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலயும் அந்த நவம்பர்தான் ஓடுது."

"போடுங்க."

என் குரல் வந்தது. நாற்பத்தாறு வயது ஹெப்சிபா. பெட் ஒன்று, பெட் இரண்டு. யாழிசையின் குரலும் அதுவும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தன.

"இஸ்மாயில், கதவச் சாத்துங்க" என்றேன்.

அந்த வருடம் அக்டோபரில் ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. டோக்கன் நாற்பத்தொன்று. கனகாம்புஜம் அன்று டீ வாங்கப் போயிருந்தாள். நான் மட்டும்தான் பார்த்தேன். சிவப்பு வரிசையில் ஏற்கெனவே ஒன்பது பேர். இவள் சிரித்துப் பேசினாள். மஞ்சள் கொடுத்தேன். வெளியே உட்கார்ந்திருந்தவள் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனாள், திரும்பி வரவில்லை. மறுநாள் போலீஸ் வந்து அந்த மஞ்சள் சீட்டை என்னிடம் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். விசாரணை நடந்தது. என்மேல் தவறில்லை என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். கனகாம்புஜம் மூன்று நாள் அழுதாள். நான் அழவில்லை. பெண்ணின் பெயர் ஜெனோவா. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் முதல் வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வந்ததும் நிம்மதியாகிவிட்டது. தூக்கம் வந்தது. ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினேன். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. ஒப்படைக்க அதிகம் இல்லை. மருந்து அலமாரிக்குப் புதிதாகப் பட்டியல் எழுதி ஒட்டினேன். மாணவிகளின் நோட்டுகளைத் திருத்தி முடித்தேன். காலையில் இஸ்மாயிலின் பெட்டி முன்னால் உட்கார்ந்து பிசிறில்லாமல் பேசினேன். நாளும் குறித்திருந்தேன்.

குறித்த நாளில் மழை. ஆற்றில் வெள்ளம் ஏறிப் பாலத்தை மூடிவிட்டார்கள். கனகாம்புஜம் மகள் சடங்குக்கு லீவில் இருந்தாள். மதியம் வர வேண்டியவளுக்குப் பஸ் இல்லை. அதற்கு அடுத்து வர வேண்டியவளை நிவாரண முகாமுக்குப் போட்டுவிட்டார்கள். ஒப்படைக்க ஆள் இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் வராமல் நர்ஸ் போகக் கூடாது. முப்பது மணி நேரம் நான் ஒருத்தியே வார்டைப் பார்த்தேன். மறுநாள் ஒரு மணிக்கு ஒருத்தி சேற்றுக் காலோடு வந்து கையெழுத்துப் போட்டாள். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்; எழுந்தபோது அதற்கும் அடுத்த நாள். குறித்த நாள் தாண்டிப் போயிருந்தது. அப்படியே தள்ளிப்போயிற்று. ஆள் பற்றாக்குறை என்று அரசாங்கத்தை ஆயிரம் திட்டியிருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது அதுதான்.

இஸ்மாயில் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் மூலையிலதான இருந்தேன் சிஸ்டர். தெனமும் நாலடி தூரத்துல."

"நாந்தான் நல்லா இருக்கேன்னு சொன்னேன்லா. ஒமக்கு எப்படித் தெரியும்?"

"கனகாம்புஜம் சிஸ்டருக்கு?"

"சொல்லல. எத்தனையோ தடவ சொல்லணும்னு நெனச்சேன். புளிச்சாதம் தின்னுட்டுச் சிரிச்சுட்டு இருக்கும்போது இத எப்படிச் சொல்ல? அவ தெரியாமலேயே போயிட்டா." அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் குரல் உடைந்தது.

மணி இரண்டரை. இஸ்மாயில் எழுந்து நடந்தார். பிறகு அதிகாரியாக மாறி என் எதிரே உட்கார்ந்தார்.

"பதிவு பழசாயிட்டு, தரம் கொறஞ்சிட்டுன்னு எழுதலாம் சிஸ்டர். ஒங்க பேருக்கு ஒண்ணும் வராது. மூணு வாரத்துல கமிட்டி கூடி மாத்திருவாங்க."

"அந்தப் பிள்ளைக்கு நாலு மணி."

"ஒடனே நிக்கணும்னா உண்மைய எழுதணும். அளவுக் குரல் நோயாளியோட குரல்னு. எழுதுனா என்னென்ன ஆவும்னு சொல்லிருதேன். ஒங்களோட இருவத்தொரு பச்சையும் ரத்து. நீங்க சிவப்பு. பெட்டி பூராவும் நிக்கும். இந்த வருஷம் மட்டும் அறுபதாயிரம் பேருக்குப் பச்சை போட்டிருக்கோம், அத்தன பேரையும் திரும்பக் கூப்பிடணும். பேப்பர்ல ஒங்க படம் வரும். வெளிய மாட்டியிருக்கே, அந்தப் படந்தான்."

அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை. அந்தப் படத்தில் கனகாம்புஜமும் இருக்கிறாள். அவள் பிரித்தது ஒன்றும் தப்பில்லை. நாவல் பழமும், வெயில் பக்கமும், பயந்தவள் பக்கம் போவதும் எல்லாமே நல்ல வேலை. இனி அந்த அறையைப் பற்றி யாரும் ஆசையாகப் பேச மாட்டார்கள். நானும் பேச முடியாது. எனக்கு மிச்சம் இருந்ததே அந்த ஆசைதான். அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை என்பதே உண்மை. பத்து நிமிடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் பீரோவின் இரண்டாவது தட்டு ஞாபகம் வந்தது. எழுதினேன்.

இஸ்மாயில் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் வேலைக்கும் அது முடிவு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பக்கத்து அறையில் பெட்டியின் விளக்கு அணைந்தது. வரிசையில் நின்றவர்கள் என்ன, ஏது என்று பேச ஆரம்பித்தார்கள்.

"யாழிசைக்கு இப்ப நெறமே இல்ல" என்றார். "அவ தானா வந்து சேந்த ஆளு. நெறம் இல்லன்னா வார்டுல வைக்க நமக்கு அதிகாரம் இல்ல. அவளாத்தான் இருக்கேன்னு சொல்லணும். நீங்க பேசிப் பாருங்க சிஸ்டர். இந்த வேலைய நேர்ல செஞ்சவங்க இப்ப உயிரோட நீங்க ஒருத்தர்தான்."

வார்டுக்கு நடந்தேன். கடைசியாக நான் ஒருவரைப் பிரித்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். நல்ல கேள்வியாக நாலைந்து யோசித்துக்கொண்டே போனேன்.

யாழிசை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், இறுக்கிப் போட்ட பின்னல். பை தயார். விரிப்பை மூலை பிசகாமல் மடித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சொவத்துல படத்துல இருக்கது நீங்கதான சிஸ்டர்? எங்களுக்குப் பாடத்துலயே வருவீங்க."

"உக்காரும்மா. ஒனக்குப் போட்ட பச்சை ரத்தாயிட்டு."

"ஏன்?" கோபமோ பயமோ இல்லை. மருந்து மாற்றிவிட்டார்களா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

யோசித்து வைத்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அந்தப் பெட்டி என் கொரலக் கேட்டுப் பழகுனது. நல்லா இருக்கவ கொரல் இதுதான்னு அதுக்குக் காட்டுனோம். நான் அப்ப நல்லா இல்ல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு முழுதாகப் புரிந்தது. வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

"எது?"

"நல்லா இல்லாம."

"அப்ப ஒரு மாசம்."

"அதுக்குப் பெறகு?"

"அதுக்குப் பெறகு யாரும் கேக்கல. வருஷாவருஷம் பச்சைல்லா போட்டுது."

"இப்ப?"

நாற்பத்தைந்து வருடம் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டவள் நான். இந்தக் கேள்வியைப் பல ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

யாழிசை என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணிக்கொண்டிருந்தாள். மணி மூன்று ஐம்பது.

வாசலில் அவள் அம்மா எட்டிப் பார்த்தார். "யாழு, ஆட்டோ வந்துட்டு. பாப்பா ஸ்கூல் விட்டு வந்துருவா, வா."

யாழிசை என் கையை விடவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போலப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். பத்து நாளில் அவள் முகத்தில் அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு வார்டு சிஸ்டர் சொன்னாள். அது பிழைத்திருக்க வந்த ஆசையா, வெறும் நர்ஸ் புத்தியா, எனக்குத் தெரியாது. இரண்டிலும் பாதிப் பாதியாக இருக்கலாம். எனக்கு அப்போது பாதி போதும்.

"ஆட்டோவ அனுப்பிருங்கம்மா" என்றாள். "பாப்பாவ இங்க கூட்டிட்டு வாங்க. இவங்களுக்கு முடியல."

அம்மா புரியாமல் நின்றார், பிறகு போனார். யாழிசை ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அவசரம் இல்ல சிஸ்டர், சொல்லுங்க" என்றாள்.